ஆயிரம் பக்கத்தில் ஒரு மரண தண்டனை: கில்மோர் புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வாசிப்புக் கூட்டம் அடுத்து எடுத்திருப்பது நார்மன் மெய்லர் எழுதிய 'தி எக்ஸிக்யூஷனர்ஸ் சாங்'. ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற சின்னக் கூட்டம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெரியவர்கள் பாதி, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் பாதி. புத்தகத்தின் தடிமனைப் பார்த்ததுமே கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தண்டனை, கொலை பற்றிய விவரங்கள் பதில்களில் வரும். மனசு ஒப்பாதவர்கள் தவிர்த்துவிடலாம்.

யார் இந்த கேரி கில்மோர்?

அமெரிக்காவில் 1940-ல் பிறந்தவன். பதினாலு வயதில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனான். அதன்பிறகு வாழ்க்கையில் பெரும்பகுதி கம்பிக்குப் பின்னால்தான். 1976 ஏப்ரலில் பரோலில் வெளியே வந்து, யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊரில் இருந்த சொந்தக்காரர்களிடம் சேர்ந்தான். மூன்று மாதம் ஓடியது. ஜூலை 19 இரவு ஒரு பெட்ரோல் நிலைய ஊழியரையும், மறுநாள் இரவு ஒரு மோட்டல் மேலாளரையும் சுட்டுக் கொன்றான். அக்டோபரில் மூன்றே நாள் விசாரணை, மரண தண்டனை. 1977 ஜனவரி 17 காலை யூட்டா சிறையில் ஐந்து பேர் கொண்ட துப்பாக்கிக் குழு அவனைச் சுட்டது.

இவ்வளவுதான் என்றால் அவன் பெயர் அந்த ஊரைத் தாண்டியிருக்காது. மேல்முறையீடு வேண்டாம், என்னைக் கொன்றுவிடுங்கள் என்று அவனே பிடிவாதம் பிடித்ததுதான் உலகத்தை அவன் பக்கம் திருப்பியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டீர்களே, சுவாரசியம் போய்விடாதா?

கோவலன் வெட்டுப்படப் போகிறான் என்று தெரிந்துதானே சிலப்பதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்.

நாவலா, உண்மைக் கதையா?

இரண்டும். சம்பவங்கள், பெயர்கள், தேதிகள், நீதிமன்ற வாதங்கள், கடிதங்கள் எல்லாம் உண்மை. எழுதியிருக்கும் முறை நாவல். 1979-ல் வெளிவந்து, 1980-ல் புனைவுக்கான புலிட்சர் பரிசை வாங்கியது. உண்மைக் கதைக்குப் புனைவுப் பரிசா என்று அப்போதே கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். வாசிக்கும்போது இந்தக் கேள்வி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் ஒருவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்று மெய்லர் எழுதும் இடங்களில் மட்டும், இது அவரே பேட்டியில் சொன்னதா, மெய்லர் ஊகித்ததா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மெய்லர் கில்மோரைச் சந்தித்திருக்கிறாரா?

இல்லை. அவர் இதற்குள் வந்தபோது கில்மோர் செத்துவிட்டான். லாரன்ஸ் ஷில்லர் என்பவர்தான் கதை உரிமையை வாங்கி, பேட்டிகளை எடுத்துக் குவித்து வைத்திருந்தார். அந்தக் குவியலிலிருந்துதான் மெய்லர் எழுதினார். பிறகு தானும் போய்ப் பலரிடம் பேசினார். ஷில்லரைப் பற்றிக் கீழே நிறைய வரும்.

ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிறதே. வேலைக்குப் போகிறவர்கள் எப்படி முடிப்பது?

பயப்பட வேண்டாம், எழுத்து ரொம்ப எளிமை. மற்ற புத்தகங்களில் அலங்காரமாக எழுதித் தள்ளுகிற மெய்லர் இதில் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். 'நான்' என்று எங்கும் வரமாட்டார். சின்னச் சின்னப் பத்திகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெள்ளை இடைவெளி. ப்ரோவோ ஊர்க்காரர்கள் எப்படிப் பேசுவார்களோ அந்த நடையிலேயே கதை நகர்கிறது. பஸ்ஸிலும் வாசிக்கலாம், லோட் ஷெடிங் நேரத்தில் டார்ச் வெளிச்சத்திலும் வாசிக்கலாம். எங்கே விட்டாலும் பிடித்துக்கொள்ளலாம்.

சிரமம் என்றால் அது பெயர்கள்தான். உறவினர், காதலி, காதலியின் பழைய கணவர்கள், சிறைக்காரர்கள், வக்கீல்கள், நிருபர்கள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே உள்ளே இருக்கிறது. ஒரு அட்டையில் பெயர்களை எழுதி அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உறவுகளை நம் முறையில் எழுதினால் சட்டென்று மனதில் நிற்கும். வெர்ன் என்பவர் கில்மோரின் அம்மாவுடைய தங்கையின் கணவர், அதாவது சித்தப்பா. செருப்புத் தைக்கும் கடை வைத்திருப்பவர். வெளியே வந்தவனுக்கு முதல் வேலை கொடுத்தவர். அவர் மகள் பிரெண்டா, நம் கணக்கில் தங்கை. பரோல் கிடைக்க அவனுக்காகப் பொறுப்பேற்றவளும் அவள்தான், கொலைக்குப் பிறகு போலீசுக்குத் தகவல் கொடுத்தவளும் அவள்தான். புத்தகம் தொடங்குவதே பிரெண்டாவின் ஞாபகத்தில்: சின்ன வயதில் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்தவளை கேரி தாங்கிப் பிடித்தான். அந்த முதல் பக்கத்தை மறக்காமல், அவள் தொலைபேசியை எடுக்கும் இடத்துக்கு வந்து சேருங்கள்.

முதல் பாதியில் என்ன இருக்கிறது?

சிறை தவிர வேறெதுவும் தெரியாத முப்பத்தைந்து வயது ஆள் வெளி உலகத்தில் மூன்று மாதம் தடுமாறுவது. கடைக்குப் போய் வாங்கத் தெரியாது, பெண்களிடம் பேசத் தெரியாது, காத்திருக்கவும் தெரியாது. கடைக்குள் நுழைந்து பியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காசு கொடுக்காமல் நடந்து வெளியேறுவான். ஒருமுறை அல்ல, வழக்கமாக. யாராவது பிடித்தால் மறுபடி சிறை என்று தெரிந்தும் செய்வான். அப்புறம் நிக்கோல் வருகிறாள். பத்தொன்பது வயது, இரண்டு குழந்தைகள், முறிந்த கல்யாணங்கள். இருவரும் ஒருவரில் ஒருவர் மூழ்கிப் போகிறார்கள். குடி, அடி, சண்டை. ஜூலையில் அவள் அவனைவிட்டுப் போகிறாள். அந்த நேரத்தில் அவன் ஒரு வெள்ளை ஃபோர்டு வண்டிமேல் ஆசைப்பட்டுத் தவணையில் எடுத்திருந்தான். பின்னால் சாமான் ஏற்றும் பிக்அப், இங்கே நாம் பக்கி என்று சொல்வோமே, அந்த மாதிரி வண்டி. காதலி போன கோபம், வண்டிக்குப் பணம் கட்ட வேண்டிய நெருக்கடி, இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன.

இதெல்லாம் கொலைக்குக் காரணமா? மெய்லர் சொல்லமாட்டார். கேள்வியை நம் மடியில் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இதுதான் பிடித்தது. கொலைகாரனின் குழந்தைப் பருவத்தைக் கிளறி ஒரு காரணத்தை எடுத்து, இதோ என்று மேசையில் வைக்கும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை.

கொலைக் காட்சிகள் ரொம்பக் கோரமாக இருக்குமா?

ரத்தம் குறைவு, ஆனால் தாங்குவது கஷ்டம். முதல் இரவு நிக்கோலின் தங்கையை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, ஓரம் என்ற ஊரின் பெட்ரோல் நிலையத்துக்கு நடந்து போகிறான். அங்கே வேலையில் இருந்தவர் மேக்ஸ் ஜென்சன். சட்டம் படிக்கிற மாணவர், கோடை விடுமுறைக்கு வேலை பார்க்கிறார். பணத்தைக் கேட்டதும் கொடுத்துவிட்டார். கழிப்பறைத் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னதும் படுத்தார். எதிர்க்கவே இல்லை. சுட்டுவிட்டு வந்து, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகிறான்.

மறுநாள் வண்டியைப் பழுது பார்க்க ஒரு கராஜில் விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மோட்டலுக்கு நடந்தே போகிறான். அது வெர்ன் சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த மோட்டல். மேலாளர் பென் புஷ்னெல், மனைவியோடும் கைக்குழந்தையோடும் அங்கேயே குடியிருந்தவர். அவரையும் அதே மாதிரி. துப்பாக்கியைப் புதரில் ஒளிக்கும்போது அது வெடித்துத் தன் கையையே சுட்டுக்கொள்கிறான். ரத்தம் சொட்டும் கையோடு கராஜுக்குத் திரும்பி வண்டியைக் கேட்டபோது கராஜ்காரர் கவனித்துவிட்டார். காயத்துக்கு உதவி கேட்டு அவன் கூப்பிட்டது பிரெண்டாவை.

கொல்லப்பட்டவர்களுக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறதா?

கூட்டத்தில் ஒரு பெரியம்மா இதைக் கோபமாகவே கேட்டார்: "கொன்றவன் பெயர் உலகத்துக்கே தெரியும். செத்தவன் பெயரை யாராவது சொல்லுங்க பார்ப்போம்?" யாருக்கும் தெரியவில்லை.

இடம் இருக்கிறது, குறைவு. ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் மெய்லர் கதையை நிறுத்தி, அந்தத் தம்பதியின் வாழ்க்கையைச் சொல்கிறார். எப்படிச் சந்தித்தார்கள், எந்த வேலைக்கு அலைந்தார்கள், குழந்தை எப்போது பிறந்தது. இருவருமே மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த கட்டுப்பாடான குடும்பத்து இளைஞர்கள். மதுவோ காப்பியோ தொடாதவர்கள், சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். சுவாரசியமான ஆட்கள் இல்லை என்று சில வாசகர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முடிந்தால் அந்த அத்தியாயங்களை இரண்டு முறை வாசியுங்கள். ஒழுங்காக வாழ்கிறவர்கள்மேல் ஆயிரம் பக்கம் எழுத யாரும் வருவதில்லை என்ற உண்மையை இந்தப் புத்தகம் ஒளிக்கவில்லை.

இன்னொன்று: கில்மோருக்குத் தண்டனை கிடைத்தது புஷ்னெல் கொலைக்கு மட்டும். ஜென்சன் கொலைக்கு விசாரணையே நடக்கவில்லை.

சாக வேண்டும் என்று அவனே கேட்டான் என்றால் என்ன தகராறு? கொன்றுவிட வேண்டியதுதானே?

நாடே அதைத்தான் கேட்டது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்றைக்கு இருந்த மரண தண்டனைச் சட்டங்களைச் செல்லாது என்றது. 1976 ஜூலை 2-ல், புதிய சட்டங்கள் சில செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பதினேழு நாள் கழித்து கில்மோர் துப்பாக்கியை எடுக்கிறான். நாட்டில் 1967-க்குப் பிறகு யாரையும் தண்டனையாகக் கொன்றதில்லை. இவன் செத்தால் கதவு திறந்துவிடும், சிறைகளில் காத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாகப் போவார்கள் என்று மனித உரிமை வக்கீல்கள் பயந்தார்கள். அதனால் அவன் விருப்பத்துக்கு எதிராகவே அவனைக் காப்பாற்ற வழக்குப் போட்டார்கள். அவன் அம்மாவும் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தோற்றார். நடுவில் கில்மோரும் நிக்கோலும் ஒரே இரவில் மாத்திரை விழுங்கிப் பிழைத்தார்கள். அவன் சிறையில், அவள் வீட்டில்.

அந்தப் பயம் வீண் போகவில்லை. அவனுக்குப் பிறகு இன்றுவரை அமெரிக்காவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

இரண்டாம் பாதி வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களுமாக இழுக்கிறதே. தாண்டிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

முதல் பாதிக்கு 'மேற்கின் குரல்கள்' என்றும் இரண்டாவதற்குக் 'கிழக்கின் குரல்கள்' என்றும் பொருள்படும் தலைப்புகள். மேற்கு என்றால் யூட்டாவின் ஏழை, நடுத்தர மக்கள். கிழக்கு என்றால் காசும் கேமராவும் வரும் திசை. கில்மோர் சாக விரும்புகிறான் என்ற செய்தி பரவியதும் வியாபாரிகள் வந்து இறங்குகிறார்கள். அவன் கதையை யார் வாங்குவது? தொலைக்காட்சித் தயாரிப்பாளர் டேவிட் சஸ்கிண்ட் ஒரு பக்கம், லாரன்ஸ் ஷில்லர் மறுபக்கம். ஷில்லர் முன்பு புகைப்படக்காரர். மர்லின் மன்றோவைப் படம் எடுத்தவர். கென்னடியைச் சுட்டவனைச் சுட்ட ஜாக் ரூபியிடம் சாகும் தறுவாயில் பேட்டி வாங்கியவர். சாவு எங்கே விலை போகும் என்று தெரிந்த ஆள்.

ஷில்லர் ஜெயிக்கிறார். ஆனால் சிறை நிர்வாகம் அவரை உள்ளே விடாது. அதனால் அவரும் பாரி ஃபாரல் என்ற பத்திரிகையாளரும் கேள்விகளைத் தயாரித்துக் கொடுக்க, கில்மோரின் வக்கீல்கள் அவற்றைச் சிறைக்குள் கொண்டுபோய்க் கேட்டுப் பதிவு செய்து வருகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: சாகப் போகிறவனின் சட்ட ஆலோசகர்களே அவன் வாழ்க்கைக் கதைக்குப் பேட்டி எடுப்பவர்கள். அவன் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு ஒரு வகையில் நல்லது, செத்தால் கதைக்கு முடிவு கிடைக்கும். அவன் நிக்கோலுக்கு எழுதிய காதல் கடிதங்களுக்குக்கூட விலை பேசப்படுகிறது. மெய்லர் யாரையும் திட்டுவதில்லை. ஷில்லர் தூக்கம் வராமல் தவிப்பதையும் எழுதுகிறார், கணக்குப் போடுவதையும் எழுதுகிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் கையில் இருக்கும் புத்தகமே அந்த வியாபாரத்தில் விளைந்ததுதான். எப்படிக் கொள்முதல் ஆனது என்பதையும் சேர்த்தே அச்சடித்து நமக்கு விற்றிருக்கிறார்கள். முதல் பாதியில் கொலைகாரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பாதியில், காசு கொடுத்து அவனைப் பார்க்க வந்த கூட்டத்தில் நாமும் நிற்கிறோம்.

கடைசி இரவு எப்படி?

மூச்சுவிட முடியாது. சிறைக்குள் உறவினர்கள் வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி ஃபெடரல் நீதிபதி வில்லிஸ் ரிட்டர் தண்டனைக்குத் தடை போடுகிறார். அரசுத் தரப்பு வக்கீல்கள் இருட்டிலேயே சின்ன விமானத்தில் டென்வர் நகரத்துக்குப் பறந்து, விடியற்காலையில் மேல்முறையீட்டு நீதிபதிகளை எழுப்பி உட்காரவைக்கிறார்கள். தண்டனை உத்தரவில் 'சூரிய உதயத்தில்' என்று எழுதியிருக்கிறது. உதயம் தாண்டிவிட்டால் உத்தரவு செல்லுமா என்று ஒரு வாதம். தடை நீங்குகிறது. எட்டு மணி ஏழு நிமிடத்துக்குச் சிறை வளாகத்தில் முன்பு உணவை டின்னில் அடைக்கப் பயன்பட்ட பழைய கட்டிடத்தில், நாற்காலியில் கட்டப்பட்ட நிலையில் சுடப்படுகிறான். சுடுகிறவர்கள் ஐவரும் திரைக்குப் பின்னால். ஐந்தில் ஒரு துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா இருக்கும், யார் கொன்றது என்று யாருக்கும் தெரியாமலிருக்க. அப்படித்தான் வழக்கம் என்பார்கள். ஆனால் சட்டையில் ஐந்து துளை இருந்ததாக அவன் தம்பி மிக்கல் கில்மோர் பிற்பாடு எழுதினார்.

அவன் அழைத்திருந்த சாட்சிகள்: வெர்ன் சித்தப்பா, இரண்டு வக்கீல்கள், ஷில்லர்.

'ஜஸ்ட் டூ இட்' விளம்பரம் இவன் கடைசி வார்த்தையிலிருந்து வந்ததாமே?

ஆமாம். கடைசியாக அவன் சொன்னது 'லெட்ஸ் டூ இட்'. நைக்கி நிறுவனத்துக்கு 1988-ல் அந்த வாசகத்தை எழுதிய விளம்பரக்காரர் டேன் வைடனே அதைச் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கக் கதை. தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கு இதில் என்ன?

1976 ஜூலையில் நம் நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். சோவெட்டோவில் போலீஸ் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தொலைக்காட்சி வந்தே ஆறு மாதம். ப்ரிட்டோரியா மத்தியச் சிறையில் தூக்கு மேடை ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தூக்கிலிட வசதி. மேடைக்குப் போக ஐம்பத்திரண்டு படி. 1987-ல் மட்டும் 164 பேர். பெரும்பாலோர் கறுப்பர்கள், தீர்ப்பு சொன்னவர்கள் வெள்ளை நீதிபதிகள். தூக்குக்கு முந்தைய இரவுகளில் மற்றக் கைதிகள் விடிய விடியப் பாடுவார்களாம். உடலைக் குடும்பத்திடம் கொடுக்கமாட்டார்கள். அரசாங்கமே எங்கோ புதைத்துவிடும். அரசியல் கைதிகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் குடும்பங்களிடம் சேர்க்கும் திட்டம் 2016-ல்தான் தொடங்கியது. கில்மோரின் சாம்பலை அவன் கேட்டபடியே விமானத்திலிருந்து யூட்டா மேல் தூவினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவனின் கடைசி இரவுக்கு நிமிடக் கணக்கு, அவன் என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான் என்று நூற்றுக்கணக்கான பக்கம். இங்கே ஒரே வருடத்தில் 164 பேர், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. ஏனென்றால் ப்ரிட்டோரியாவுக்கு எந்த ஷில்லரும் காசோலைப் புத்தகத்தோடு வரவில்லை. யாருடைய சாவுக்குப் புத்தகம் கிடைக்கும் என்பதைச் சந்தை முடிவு செய்கிறது. இரண்டாம் பாதியைத் தாண்டாதீர்கள் என்று நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

விதிவிலக்கு ஒன்று நம் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. 1985 டிசம்பரில் அமன்சிம்டோட்டி வணிக வளாகம் ஒன்றில் குண்டு வெடித்து ஐந்து பேர் செத்தார்கள், சிறுவர்கள் உட்பட. குண்டு வைத்த ஆண்ட்ரூ சோண்டோவுக்கு அப்போது வயது பத்தொன்பது. லெசோத்தோவில் தென்னாப்பிரிக்கப் படை நடத்திய கொலைகளுக்குப் பதிலடி என்றான். 1986 செப்டம்பரில் தூக்கு. அந்த வழக்கைப் பற்றி நம் டர்பன் ஃபாத்திமா மீர் அடுத்த வருடமே ஒரு புத்தகம் எழுதினார். அளவில் சிறியது, யாரும் உரிமைக்கு விலை பேசி எழுதியதல்ல. அமன்சிம்டோட்டியின் கிங்ஸ்வே சாலைக்கு இப்போது சோண்டோ பெயர். அதில் வண்டி ஓட்டும்போது சிலருக்குப் பெருமை, சிலருக்கு ஆத்திரம். குண்டில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தின் பக்கத்திலிருந்து அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதையும் கூட்டத்தில் பேசலாம். சண்டை வரும், வரட்டும்.

இது ஆட்டோ சங்கர் கதை மாதிரியா?

தமிழ்நாட்டு நண்பர்கள் தவறாமல் கேட்பது. ஒரு விஷயத்தில் ஆமாம்: தண்டனை பெற்றவன் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கேயும் வந்தது. நக்கீரன் பத்திரிகை அதை வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் மிரட்ட, வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவர் அனுமதி இல்லாமலேயே அவர் வாழ்க்கையை எழுதலாம், அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994-ல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் அந்தரங்க உரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

சங்கரைச் சேலம் சிறையில் தூக்கிலிட்டது 1995 ஏப்ரல் 27. இங்கே அன்றைக்கு முதல் சுதந்திர தின விடுமுறை. நாற்பது நாள் கழித்து, ஜூன் 6-ல், நம் அரசியல் சாசன நீதிமன்றம் மக்வன்யானே வழக்கில் மரண தண்டனையையே ஒழித்தது. அந்த வழக்கில் குற்றவாளிகள் அப்பாவிகள் அல்ல. ஆயுதம் தாங்கிய கொள்ளையில் நாலு கொலை. பதினொரு நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், ஆனால் காரணத்தைத் தனித்தனியாக எழுதினார்கள். மெய்லரை முடித்தபிறகு அந்தத் தீர்ப்பில் சில பக்கமாவது வாசியுங்கள். மக்கள் பெரும்பான்மை தூக்கை விரும்பினாலும் அது மட்டும் தீர்ப்பு ஆகாது என்று நீதிபதி சாஸ்கல்சன் வாதிடும் பகுதி, யூட்டா கூச்சலுக்கு நேர்ப் பதில் மாதிரி இருக்கும்.

புத்தகம் மரண தண்டனைக்கு ஆதரவா, எதிர்ப்பா?

பக்கம் சாய்வதில்லை. கூட்டத்தில் ஒரு தாத்தா 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்' குறளைச் சொல்லி, வள்ளுவரே களை எடு என்றுதானே சொன்னார் என்பார். அவருக்கும் இந்தப் புத்தகத்தில் தீனி உண்டு, அவரை எதிர்ப்பவர்களுக்கும் உண்டு. எனக்கு வந்த சந்தேகம் வேறு: சாக விரும்புகிறவனைக் கொல்வது தண்டனையா, உபகாரமா? வள்ளுவர் காலத்து வேந்தனுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது.

வீட்டுக்குக் கம்பி, வாசலுக்கு அலாரம், தினமும் குற்றச் செய்தி. பொழுதுபோக்குக்கும் கொலையா?

நியாயமான கேள்வி. வேண்டாம் என்பவர்களை நான் வற்புறுத்தமாட்டேன். வீட்டில் கொள்ளையோ அதைவிட மோசமானதோ நடந்தவர்கள் ஜூலை அத்தியாயங்களைத் தவிர்க்கலாம். அந்த மாதக் கூட்டத்துக்கு வராமலும் இருக்கலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம்.

பிள்ளைகள் வாசிக்கலாமா?

கெட்ட வார்த்தை, உடலுறவு, தற்கொலை முயற்சி எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வருகிறது. மெட்ரிக், அதாவது பள்ளி இறுதி வகுப்பு, தாண்டட்டும்.

மெய்லர் எப்படிப்பட்ட ஆள்?

எழுத்தில் மேதை, வாழ்க்கையில் நம்பத் தகாதவர். 1960-ல் தன் மனைவியைக் கத்தியால் குத்தியவர். இந்தப் புத்தகத்தை எழுதும்போது ஜாக் ஆபட் என்ற கைதி அவருக்குக் கடிதம் எழுதினான்: சிறை ஒரு மனிதனை என்ன செய்யும் என்று உனக்குச் சொல்கிறேன் என்று. கடிதங்கள் பிரமாதமாக இருந்தன. மெய்லர் அவன் விடுதலைக்கு ஆதரவு கொடுத்தார். 1981 ஜூனில் வெளியே வந்தான். ஆறு வாரத்துக்குள், நியூயார்க் உணவகம் ஒன்றுக்கு வெளியே ரிச்சர்ட் அடான் என்ற இளைஞரைக் குத்திக் கொன்றான். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது நடிகர்-எழுத்தாளர் அவர். ஆயிரம் பக்கம் கில்மோரைப் பற்றி எழுதி முடித்தவர் ஒரு நல்ல வாக்கியத்துக்கு மயங்கிவிட்டார். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால், கில்மோரின் கடிதங்களை மெய்லர் ரசித்து ரசித்து எடுத்துப் போடும் இடங்களில் கொஞ்சம் எச்சரிக்கை வரும்.

படம் பார்த்தால் போதாதா?

1982-ல் தொலைக்காட்சிப் படமாக வந்தது. டாமி லீ ஜோன்ஸ் கில்மோராக நடித்து எம்மி விருது வாங்கினார். இயக்கியவர் யார் தெரியுமா? ஷில்லர். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சு முட்டும் அந்த இரண்டாம் பாதி அதில் மெலிந்துவிட்டது.

இதற்கடுத்து எதை வாசிக்கலாம்?

மிக்கல் கில்மோர் எழுதிய 'ஷாட் இன் த ஹார்ட்'. 1994-ல் வந்தது. அண்ணன் சுடப்பட்டவனின் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரல். அப்பாவின் அடி, அம்மாவின் பேய்க்கதைகள், மெய்லர் தொடாத எல்லாம் அதில். பலர் ட்ரூமன் கப்போட்டியின் 'இன் கோல்ட் பிளட்' புத்தகத்தைச் சொல்வார்கள். கான்சாஸில் 1959-ல் ஒரு குடும்பத்தில் நாலு பேர் கொல்லப்பட்ட கதை. அழகான எழுத்து, அழகு சில இடங்களில் அளவுக்கு மீறியது. என்னைக் கேட்டால் முதலில் ஃபாத்திமா மீர். பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள், நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

முடிக்காமல் கூட்டத்துக்கு வரலாமா?

வரலாம். முதல் சந்திப்பில் விசாரணை வரைக்கும்தான் பேசப் போகிறோம். கூழ் ஊற்றும் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் யாருக்கும் ஒழியாது என்பதால் இரண்டாம் பாதி அதற்கப்புறம். பெயர் எழுதிய அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.